செருமலும் குரல் கம்மலும் விடவில்லையா? இரைப்பை அமிலம் தொண்டைக்கு ஏறினால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

காலையில் எழுந்ததும் குரல் கம்மியிருக்கும், பத்து மணிக்குள் தெளிந்துவிடும். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் உணர்வு இருக்கும், எச்சிலை எத்தனை முறை விழுங்கினாலும் போகாது. ஆனால் சோறு விழுங்கும்போது மட்டும் அது தெரியாது. சளி என்று இருமல் மருந்து, அலர்ஜி என்று ஒரு மாத்திரை, பிறகு ஆன்டிபயாடிக் என எல்லாம் முடிந்தும் செருமல் நிற்காது.

நெஞ்சு எரிச்சல் இல்லாததால் வயிற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அமிலம் தொண்டை வரை ஏறுகிறவர்களில் பலருக்கு நெஞ்சு எரிவதே இல்லை. உணவுக்குழாய் ஓரளவு அமிலத்தைத் தாங்கும், தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். குரல்வளைக்கு அந்தக் காப்பு கிடையாது. மேலே வருவது சில சொட்டாக இருந்தாலும் குரல்வளை வீங்கும்.

சந்தேகம் வந்தவர்களில் பெரும்பாலோர் மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்குவதில் தொடங்கி, பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் மாத்திரை ஆறாவதாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய படிகளைத் தாண்டிப் போனால் மாத்திரை பாதி வேலைதான் செய்யும்.

1. முதலில் ஆபத்தான அறிகுறிகளை விலக்குங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள்:

- மூன்று வாரத்துக்கு மேல் தெளியாத குரல் கம்மல். பீடி, சிகரெட், புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்கள் மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.
- சோறு விழுங்கும்போது அடைப்பு, வலி, அல்லது தொண்டையிலிருந்து ஒரு பக்கக் காதுக்கு ஓடும் வலி.
- கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைதல், எச்சிலில் ரத்தம், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம்.
- இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். சாயங்காலக் காய்ச்சலோ இரவு வியர்வையோ சேர்ந்தால் தாமதமே வேண்டாம். சளிப் பரிசோதனை செய்து காசநோயை விலக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

நெஞ்சு எரிச்சலோடு வியர்த்துக் கொட்டினால், இடது கையிலோ தாடையிலோ வலி பரவினால், மூச்சு வாங்கினால் சோடா குடித்துப் பார்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். கேஸ் என்று நினைத்து மாரடைப்பை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை.

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு மாதமாகத் தொல்லை இருந்தால் இ.என்.டி. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுக் குரல்வளையைப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், மயக்க மருந்து தேவையில்லை. வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. இரண்டிலும் இதற்கான பிரிவு உண்டு. அங்கே ஒன்றை நினைவில் வையுங்கள்: "தொண்டை கொஞ்சம் சிவந்திருக்கிறது" என்பதை மட்டும் வைத்து அமிலம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அலர்ஜியிலும், தோல் கம்பெனி ரசாயன நெடியிலும், பீடி சுற்றும் இடத்தின் புகையிலைத் தூசியிலும் தொண்டை சிவக்கும். அந்தச் சோதனையின் முதல் பயன் கட்டியோ புண்ணோ இல்லை என்று உறுதி செய்வது.

2. தொடங்கும் முன் மூன்று பொருள்

ஒரு சிறிய நோட்டு, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், கட்டிலின் தலைமாட்டை உயர்த்த ஏதாவது ஒன்று. கடைசிப் பொருளைப் பற்றி நான்காம் படியில் விரிவாக வரும்.

மாத்திரைப் பட்டியல் எதற்கு? ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும், அமிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்லோடிபின் இரைப்பையின் மேல்வாய்த் தசையைத் தளர்த்தும். மூட்டு வலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கும். ஆஸ்துமா இன்ஹேலரை அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காவிட்டால் குரல் கம்மும். பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் வரும் கேடு செருமலைவிடப் பெரியது.

3. இன்றைய நிலைக்கு மதிப்பெண் போடுங்கள்

2002ல் வெளியான ஒரு கேள்விப் பட்டியலை இ.என்.டி. மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒன்பது தொல்லைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கடந்த ஒரு மாதத்தை நினைத்து, தொல்லை இல்லை என்றால் 0, தாங்க முடியாத தொல்லை என்றால் 5 என மதிப்பெண் இட வேண்டும்: குரல் கம்மல், செருமல், தொண்டையில் சளி அல்லது மூக்கிலிருந்து பின்னால் இறங்கும் சளி, விழுங்குவதில் சிரமம், சாப்பிட்ட பிறகோ படுத்த பிறகோ இருமல், மூச்சு அடைத்துக்கொள்வது, எரிச்சலூட்டும் இருமல், தொண்டையில் ஏதோ சிக்கிய உணர்வு, நெஞ்சு எரிச்சல் அல்லது எதுக்களிப்பு.

மொத்தம் 45. 13ஐத் தாண்டினால் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் இது நோயை உறுதி செய்யாது, அலர்ஜி உள்ளவர்களும் எளிதில் 13ஐத் தாண்டுவார்கள். இதன் உண்மையான பயன் ஒப்பீடு. தொண்டை மிக மெதுவாக ஆறும். நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியாததால் "ஒன்றும் சரியாகவில்லை" என்று மனசு சொல்லும். 24 என்றிருந்தது ஆறு வாரத்தில் 17 ஆகியிருப்பதை நோட்டுதான் காட்டும்.

இரண்டு வாரத்துக்குத் தினமும் நாலே வரி எழுதுங்கள்: ராத்திரி சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், என்ன சாப்பிட்டீர்கள், காலையில் குரல் எப்படி. உணவுப் பட்டியலைவிட அந்த இரண்டு நேரங்களுக்கு இடையிலுள்ள தூரம்தான் பெரும்பாலான நோட்டுகளில் குற்றவாளியாகத் தெரியும்.

4. முதல் இரண்டு வாரம்: நேரத்தையும் படுக்கையையும் மட்டும் மாற்றுங்கள்

உணவில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது, ஒரு வாரத்தில் சலித்தும் போகும்.

*கடைசிச் சாப்பாட்டுக்கும் படுப்பதற்கும் மூன்று மணி நேரம்.* நிமிர்ந்திருக்கும்போது இரைப்பையில் உள்ளதைப் புவியீர்ப்பு கீழேயே வைத்திருக்கும். படுத்தால் அந்த உதவி போய்விடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைவதால், ஏறிய அமிலம் அங்கேயே தங்கும். காலையில் குரல் கம்முவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சொல்வது எளிது. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் போகிறவர்கள் வீடு திரும்பவே எட்டு மணி ஆகிவிடும். மறுநாள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் பத்து மணிக்காவது படுத்தாக வேண்டும். இவர்களிடம் "ஏழு மணிக்குச் சாப்பிடுங்கள்" என்பதில் அர்த்தமில்லை. ராத்திரிச் சாப்பாட்டை இரண்டாகப் பிரிப்பதுதான் வழி. சாயங்கால டீ நேரத்தில் போண்டா, பஜ்ஜிக்குப் பதில் இரண்டாவது டப்பாவில் கொண்டுபோன சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி, அல்லது ஒரு கரண்டி சோற்றைப் பருப்போடு குழைத்துச் சாப்பிட்டால் போதும். வயிறு நிறைந்திருக்கும் அளவு குறைந்தால் மேலே ஏறும் அளவும் குறையும்.

சாப்பிட்டதும் சாய்ந்து டி.வி. பார்ப்பதும் படுப்பதில்தான் சேரும். பால் குடித்துவிட்டுப் படுப்பதும் அப்படியே. முதலில் இதமாக இருக்கும், பிறகு அந்தப் பாலைச் செரிக்க அமிலம் இன்னும் சுரக்கும்.

*தலைமாட்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள்.* கட்டில் என்றால் தலைப்பக்கக் கால்கள் இரண்டின் கீழும் செங்கலை இரண்டிரண்டாகப் படுக்க வைத்தால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வந்துவிடும். டைல்ஸ் தரையில் செங்கல் வழுக்கும். இரும்புக் கட்டிலின் கால் செங்கல்மேல் நிற்காமல் நழுவும். தச்சரிடம் நடுவில் குழி வைத்த மரக்கட்டை இரண்டு வாங்கினால் பயமில்லை.

பாய் போட்டுத் தரையில் படுப்பவர்கள், ஃபோம் மெத்தைக் கடையில் சரிவாக வெட்டிய துண்டு ஒன்று வாங்கலாம். இடுப்பிலிருந்து தலைவரை தாங்க வேண்டும், அதனால் 60 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம், தலைப்பக்கம் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் கேளுங்கள். வாங்க வசதியில்லாவிட்டால் பாய்க்கு அடியில் ஜமுக்காளங்களைப் படிப்படியாக மடித்துச் சரிவு உண்டாக்கலாம். கோடையில் மொட்டை மாடிக்குப் படுக்கை போகும்போது இந்தச் சரிவும் கூடவே போக வேண்டும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

தலையணையை இரண்டு மூன்றாக அடுக்குவது மிகப் பரவலான தவறு. அது கழுத்தையும் வயிற்றையும் மடக்கும். மடங்கிய வயிற்றில் அழுத்தம் கூடி அமிலம் முன்னைவிட அதிகமாக ஏறும்.

*இடது பக்கம் சாய்ந்து படுங்கள்.* அப்படிப் படுத்தால் இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் வாயைவிடத் தாழ்வாக இருக்கும். வலது பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழ்.

*இடுப்பைத் தளர்த்துங்கள்.* இறுக்கிய பெல்ட், பாவாடை நாடா, வயிற்றை அமுக்கிக் கட்டிய லுங்கி எல்லாம் இரைப்பையைக் கீழிருந்து பிழிகின்றன. சாப்பிட்ட கையோடு குனிந்து தரை துடைப்பதும் குடம் தூக்குவதும் அதே வேலையைச் செய்யும். தொப்பை உள்ளவர்களுக்கு எடை குறைவதைப் போல நிலைத்த பலன் தருவது வேறில்லை.

5. மூன்றாம் வாரம்: உணவு

இணையத்தில் கிடைக்கும் தடைப் பட்டியல்களைப் பின்பற்றினால் வெறும் மோர் சாதம்தான் மிஞ்சும். அது தேவையில்லை. இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, இரைப்பையின் வாயைத் தளர்த்துபவை, இரைப்பையில் அதிக நேரம் தங்குபவை: எண்ணெய், நெய், கொழுப்பு மிகுந்த உணவு, சாக்லேட், பெப்பர்மின்ட், மது, புகை. காபி சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இரண்டு, நேராகத் தொண்டையை உரசுபவை: எலுமிச்சை, புளி, தக்காளி, வினிகர், சோடா, அதிகக் காரம். இதற்குப் பின்னால் பெப்சின் இருக்கிறது. புரதத்தைச் செரிக்க இரைப்பை சுரக்கும் நொதி அது. எதுக்களிப்பில் மேலே வந்து தொண்டைத் திசுவில் ஒட்டிக்கொள்ளும், அமிலம் இல்லாதபோது தூங்கும், அமிலம் பட்டால் மறுபடி விழிக்கும். அந்த அமிலம் கீழிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, மேலிருந்து குடிக்கும் எலுமிச்சைச் சாறும் அதை எழுப்பக்கூடும் என்று கருதப்படுகிறது. உடம்பு இளைக்க வெறும் வயிற்றில் எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர் குடிப்பவர்கள் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள்.

ஆம்பூர் பிரியாணி சாப்பிடக் கூடாதா என்பதுதான் இங்கே எல்லோரும் கேட்பது. சாப்பிடலாம், மத்தியானத்தில், அரை வயிற்றுக்கு. தொல்லை பிரியாணியில் மட்டும் இல்லை. புளிப்பும் எண்ணெயுமான கத்தரிக்காய், பச்சை வெங்காயம் போட்ட தயிர், "செரிக்கட்டும்" என்று மேலே ஒரு பன்னீர் சோடா, பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என எல்லாம் சேர்ந்துதான் திங்கட்கிழமை குரலை எடுத்துவிடுகின்றன. இதில் முதலில் விட வேண்டியவை சோடாவும் தூக்கமும். சோடாவின் வாயு இரைப்பையை உப்ப வைக்கும், ஏப்பம் வரும்போது அமிலத்தையும் கூட்டிக்கொண்டு வரும். வந்த ஏப்பத்தைச் செரிமானம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் கைவிட வேண்டாம். எண்ணெயில் மிதக்காமல், புளி குறைத்து, பருப்போடு கூட்டாக வைக்கலாம். கேழ்வரகுக் களி ராத்திரிக்கு வேண்டாம், வயிற்றில் நீண்ட நேரம் நிற்கும், மத்தியானத்துக்கு நல்லது. ஆடி மாதத்துக் கூழ் புளித்திருந்தால் உங்கள் நோட்டைப் பாருங்கள், எல்லோருக்கும் அது தொல்லை தராது.

தொண்டை கரகரத்தால் நாம் கை வைப்பது மிளகுக் கஷாயம், சுக்குக் காபி, மென்தால் மிட்டாய். சளிக்கு இதம் தரும் இவையே அமிலத் தொண்டைக்கு எரிச்சல் தரலாம். உப்பு நீர் கொப்பளித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அந்த நீர் குரல்வளைவரை போவதே இல்லை. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம். வாயுவும் உப்பும்தான் மிச்சம்.

சந்தேகப்படும் பொருளை இரண்டு வாரம் விடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். தொந்தரவு தராததை வாழ்நாள் முழுதும் விட்டுவைக்கக் காரணமில்லை.

6. மாத்திரை: யாருக்கு, எப்போது, எப்படி

பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் ஆகியவை அமிலச் சுரப்பைக் குறைக்கும். எதுக்களிப்பை நிறுத்தாது, ஏறும் திரவத்தின் அமிலத் தன்மையை மட்டும் குறைக்கும். தொண்டைத் தொல்லை எல்லோருக்கும் இதனால் தீராது. 2021ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், தொண்டைத் தொல்லைக்காக 16 வாரம் இதே வகை மாத்திரையான லான்சோபிரசோல் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. 2022ன் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவ நெறிமுறை இப்படிப் பிரிக்கிறது: நெஞ்சு எரிச்சலும் சேர்ந்து இருந்தால் 8 முதல் 12 வாரம் இரண்டு வேளை மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், தொண்டைத் தொல்லை மட்டும் என்றால் மாத்திரைக்கு முன் அமிலம் உண்மையில் ஏறுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

டாக்டர் எழுதித் தந்தால் சாப்பிடும் முறை இது: எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டிபன் சாப்பிடுங்கள். இரண்டாம் வேளை இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. சாப்பிடும்போதுதான் இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் விழிக்கும், விழித்த பம்பைத்தான் மருந்து அடைக்கும். டிபன் முடித்துவிட்டுப் போடுவதும், படுக்கும்போது போடுவதும், எரியும் நாளில் மட்டும் போடுவதும் மருந்தை வீணாக்கும். முழுப் பலனுக்கு மூன்று நான்கு நாள் தொடர்ந்து போட வேண்டும். கேப்ஸ்யூலைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூலை மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். அது இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரல் சாப்பிடுபவர்கள் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் வகைகளைத் தவிர்க்க வேண்டும், டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் உடம்பில் சேர்வது இந்த அமில மாத்திரைகளால் குறையலாம். நெடுநாள் சாப்பிடுபவர்கள் பி12, மெக்னீசியம் அளவைப் பார்க்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

சோடியம் ஆல்ஜினேட் சிரப் வேறு விதமாக வேலை செய்கிறது. இரைப்பையில் உள்ளவற்றின் மேல் நுரை மிதவையாகப் படர்ந்து, ஏறும் பாதையை மூடும். சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் பாட்டிலில் குறித்த அளவில் குடிக்க வேண்டும். அதன்மேல் தண்ணீர் குடித்தால் மிதவை கலைந்துவிடும், பலர் செய்யும் தவறு அதுதான். இதில் சோடியம் உண்டு, எனவே பிரஷர், இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

7. செருமலை நிறுத்தப் பழகுங்கள்

அமிலம் அடங்கிய பிறகும் செருமல் மட்டும் மிச்சமிருக்கும் பலர் உண்டு. ஒவ்வொரு செருமலிலும் குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. மோதிய இடம் வீங்கும், வீக்கத்தைக் காக்கச் சளி ஊறும், சளியை உணர்ந்ததும் மறுபடி செருமத் தோன்றும். காரணம் போனபின்னும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

செருமத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் தாடையைச் சற்றுத் தாழ்த்தி எச்சிலை அழுத்தி விழுங்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் சத்தமில்லாமல் "ஹ" என்று மூச்சை வெளியே தள்ளுங்கள். பாதிச் செருமல் நமக்கே தெரியாமல் வருவது, எனவே வீட்டில் ஒருவரை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும் வேலூர்க் கோடையில் தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். மடக்கு மடக்காகக் குடியுங்கள், ஒரே மூச்சில் ஒரு செம்பு குடித்தால் வயிறு உப்பும்.

குரல் கம்மியிருக்கும் நாளில் கிசுகிசுத்துப் பேசுவது குரலுக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள். குரல்வளை இன்னும் இறுகும். மெதுவான, இயல்பான குரலே போதும். ஆசிரியர்களும் சந்தையில் கூவி விற்பவர்களும் இதற்கெனப் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பது நல்லது.

8. நோன்பு மாதத்தில்

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் ரமலானில்தான் தொல்லை மறுபடி தலைதூக்கும். பட்டினியைவிட, சாப்பிடும் நேரங்களே அதற்குக் காரணம். பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் கெடுதல் செய்வதில்லை. சமோசாவையும் வடையையும் ஒன்றோடு நிறுத்துங்கள். முக்கியச் சாப்பாட்டைத் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து நள்ளிரவை நெருங்கிச் சாப்பிடாமல், மாலை மஃரிபு தொழுகைக்குப் பிறகே முடித்துவிடுங்கள்.

விடியும் முன் சஹர் சாப்பாட்டை முடித்து, விடியற்காலை ஃபஜ்ர் தொழுததும் தூங்குவதுதான் மிகக் கடினமான இடம். மூன்று மணி நேரம் இங்கே நடக்காது. சஹரை அளவாக வைத்து, எண்ணெயைக் குறைத்து, சரிவுப் படுக்கையில் இடது பக்கமாகப் படுங்கள். காலை மாத்திரையைச் சஹருக்கு அரை மணி முன்பு மாற்றலாமா என்று நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

9. எப்போது திரும்பிப் பார்ப்பது, எப்படி நிறுத்துவது

நெஞ்சு எரிச்சல் சில நாட்களில் அடங்கும். தொண்டைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆறாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் மதிப்பெண் போட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டு வாரத்தில் மதிப்பெண் நகரவில்லை என்றால் மாத்திரையின் அளவைக் கூட்டாதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். காரணம் அமிலம்தானா என்ற கேள்வியை மறுபடி எழுப்ப வேண்டிய நேரம் அது. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதனால் எதுக்களிப்பு இல்லை என்று ஆகிவிடாது. மூக்கு வழியாக மெல்லிய கம்பியை விட்டு 24 மணி நேரம் அளவெடுக்கும் சோதனைதான் அமிலம் ஏறுகிறதா, எத்தனை முறை, இருமலும் அதுவும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றனவா என்று காட்டும். அந்த ஒரு நாளும் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள். பயந்து கஞ்சி குடித்தால் முடிவு பொய்யாகும்.

மதிப்பெண் நன்றாகக் குறைந்திருந்தால் டாக்டரிடம் பேசி மாத்திரையை இறக்குங்கள். இரண்டு வேளை ஒரு வேளையாகும், சில வாரம் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு நிறுத்தம். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் சில வாரத்துக்கு முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். அதை நோய் திரும்பியதாக எண்ணிப் பலர் மறுபடி மாத்திரையில் விழுந்து ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இறக்கும் வாரங்களில் ஆல்ஜினேட் சிரப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். அல்சர் வந்தவர்களும் ஆஸ்பிரினுக்குத் துணையாக இந்த மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

கட்டிலுக்கு அடியில் வைத்த செங்கல்லை மட்டும் அப்போதும் எடுக்காதீர்கள்.